பிடித்து நின்ற பொறியும் நம் கல்வியும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் எனக் கேட்ட மலர்க் குழுவினர், "சங்க இலக்கியத்தில் ஏதாவது எழுதுங்கள், அல்லது சைவமும் தமிழும் என்று எழுதுங்கள்" என்றனர். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறெதனைக் கேட்பர்? ஆயினும் இம்முறை என் மனம் அத்துறைகளிற் செல்லவில்லை. சில காலமாக என் சிந்தையை விட்டகலாது நிற்பது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினேயாகும். அதனைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தேன். மலரின் மாண்புக்கு இஃது ஏற்குமோ என ஐயுறும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்வாராக. கட்டுரை எஞ்சினில் தொடங்கினும் நம் கல்லூரி வாயிலிலேயே முடியும்.

என் தந்தையார் கிராமத்து உப தபாலதிபராக இருந்தவர். 1966ஆம் ஆண்டில், பாவித்த பீ.எஸ்.ஏ. பான்ரம் மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கினார். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய ஒற்றைச் சிலிண்டர், மூன்று கியர், ஒயில் கலந்த பெற்றோலில் ஓடும் இரட்டை அடிப்பு எஞ்சின். எங்கள் ஊரார் அதனை "போஸ்ற்மாஸ்ரற்றை படபடப்பான்" என்று அழைத்தனர். தந்தையாருக்கு அது வாகனம் மாத்திரமன்று. ஞாயிறு தோறும் துடைத்துப் பேணிய செல்வம்.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜேர்மனியில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஆர்.ரி. 125 என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. போரில் ஜேர்மனி தோற்றபின் அதன் வரைபடங்கள் இழப்பீடாக வென்ற நாடுகளின் கையில் வந்தன. பேர்மிங்ஹாம் நகரிலிருந்த பீ.எஸ்.ஏ. நிறுவனம் அவ்வரைபடத்தைக் கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலமாக மாற்றி, 1948இல் பான்ரம் என்ற பெயரில் வெளியிட்டது. 1971வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பான்ரம் வண்டிகள் செய்யப்பட்டன. சோவியத் ஒன்றியத்தாரும் அமெரிக்கரும் அதே வண்டியைத் தத்தம் பெயரிற் செய்தனர். ஓகனும் பியானோவும் செய்துவந்த யப்பானிய நிறுவனமொன்று அதே ஜேர்மானிய வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு 1955இல் வை.ஏ. 1 என்னும் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அதுவே இன்று நம் வீதிகளில் யாவரும் காணும் யமஹா. பிறர் செய்த பொறியைத் திறந்து பார்த்து, இஃது ஏன் இவ்வாறு அமைந்தது என்று வினவியவர் பின்னர் தாமே செய்வோராயினர். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது, யாமும் வண்டியைக் கொட்டிலில் விட்டு, பனையோலையால் மூடிவிட்டுச் சென்றோம். 1996இல் திரும்பி வந்தபோது கொட்டிலின் கூரை இல்லை, வண்டி இருந்தது. அதன்பின்னும் ஓட்டுவாரின்றி நெடுங்காலம் நின்றது. 2016இல் தந்தையார் காலமானார். அவர் நினைவாக 2018இல் அதனைத் துடைத்து, ரயரும் ரியூபும் மாற்றி, காபுரேற்றரைக் கழுவி உதைத்தேன், பொறி உயிர்பெற்றது. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், குறைந்த எண்ணெயில் ஓடும் இவ்வண்டியே என்னைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது.

2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்துக் காலைப்பொழுதொன்றில், செம்மணி வெளியைக் கடந்து வருகையில், ஒரு கிரீச்சொலியுடன் பின்சில்லு இறுகி நின்றது. கிளச்சைப் பிடித்தமையால் வீழாது தப்பினேன். சிலிண்டருக்குள் பிஸ்ரன் பிடித்துக்கொண்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். வண்டியைத் தள்ளிச் சென்று வழியிலிருந்த கராஜ் ஒன்றிற் கொடுத்தேன். "விரைவாக முடித்துத் தாருங்கள், வேறொன்றும் பார்க்க வேண்டா" என்று சொன்னவன் யானே. அவர்கள் சொன்னபடியே செய்தனர். சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்ரன் இட்டனர். "ஒயில் குறைவினாற் பிடித்திருக்கும்" என அயலார் கூறியமையால், அன்று முதல் பெற்றோலில் ஒயிலைக் கூட்டிக் கலந்தேன். மூன்றே வாரத்தில், ஏறத்தாழ அதே இடத்தில், புதிய பிஸ்ரனும் பிடித்தது.

அப்பொழுதுதான் நண்பர் ஒருவர் வேப்பமர நிழலிற் சிறு கொட்டகை அமைத்துப் பழைய வண்டிகள் திருத்தும் ஒருவரிடம் என்னை அனுப்பினார். சென்று பார்த்தால் அவர் என் பழைய மாணவர். 2006ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் தமிழ் உட்பட நான்கு பாடங்களிற் சித்தியெய்தாது கல்லூரியை விட்டவர். அன்று அவரை யான் "அவன்" என்றே குறித்திருப்பேன். அவருடைய தேர்ச்சி அறிக்கையில், "கவனம் போதாது, முன்னேற இடமில்லை" என்று என் கையால் எழுதியது நினைவிருக்கின்றது. ளகர ழகரம் மயங்கியும் ரகர றகரம் மாறியும் அவர் எழுதிய கட்டுரைகளைச் சிவப்பு மையால் நிரப்பியவன் யான்.

அவர் என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ சேர்" என்று கதிரையைத் துடைத்து இட்டார். பின்னர் செய்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. எஞ்சினைத் திறக்க ஸ்பனரை எடுத்தாரல்லர். கால்மணி நேரம் வினாக்களையே கேட்டார்.

"குளிரேக்கை பிடிச்சதோ, நல்லாய்ச் சூடான பிறகு பிடிச்சதோ?"

"கைபிடியை விட்டாப் பிறகும் எஞ்சின் இறங்காமல் இரைஞ்சுகொண்டு நிண்டதோ, சேர்?"

"பிளக் என்ன நிறத்திலை இருந்தது?"

சூடானபின், ஆம், இரைந்துகொண்டே நின்றது, வெள்ளை நிறம். இவற்றையெல்லாம் யான் கண்டிருந்தேன். ஆயினும் அவை ஒன்றோடொன்று தொடர்புடையன என்று கருதினேனல்லேன். புதிய பிஸ்ரன் ஒன்றை வாங்கி வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் நகைத்தார்.

"பிஸ்ரன் பிடிச்சது காய்ச்சல் மாதிரி, சேர். வருத்தம் எங்கை எண்டு பாக்காமல் பனடோல் குடுத்தால் திரும்பவும் காயும்."

இரட்டை அடிப்பு எஞ்சினின் இயல்பைப் பிறர்க்கும் விளங்குமாறு சுருங்கக் கூறுவேன். பிஸ்ரன் மேலே எழும்போது கீழேயுள்ள கிராங் அறைக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி இழுக்கப்படுகின்றது. பிஸ்ரன் கீழே இறங்கும்போது அவ்வாவி அழுத்தப்பட்டுப் பக்க வழிகளால் மேலேறிச் சிலிண்டரை நிரப்புகின்றது. ஆகவே கிராங் அறை காற்றுப் புகாது இறுக்கமாக இருத்தல் வேண்டும். கிராங் தண்டு வெளியே வரும் இரு புறத்திலும் ஒயில் சீல் என்னும் இறப்பர் வளையங்கள் அதனைக் காக்கின்றன. அவ்வளையம் ஒன்று பழுதுறின், காபுரேற்றர் அளந்து விடும் காற்றுக்கு மேலாக அளவற்ற காற்று உள்ளே புகும். காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை கடுஞ்சூட்டோடு எரியும். பிஸ்ரன் அலுமினியக் கலப்பினால் ஆனது. பான்ரத்தின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டினால் அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். இரண்டுக்கும் இடையில் விட்ட நுண்ணிய இடைவெளி அற்றுப்போகப் பிஸ்ரன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கின்றது.

யான் ஒயிலைக் கூட்டியதன் பயனையும் அவரே எடுத்துரைத்தார். காபுரேற்றரின் சிறு துளையூடு செல்வது பெற்றோலும் ஒயிலும் சேர்ந்த கலவை. அதில் ஒயில் கூடினால் அவ்வளவுக்குப் பெற்றோல் குறையும். முன்னரே பெற்றோல் குறைவால் வாடிய எஞ்சினுக்கு யான் மேலும் பெற்றோலைக் குறைத்துக் கொடுத்தேன். மருந்து என எண்ணி ஊட்டியது நோயை வளர்த்தது.

தம் ஊகத்தை அவர் மெய்ப்பித்த முறை எளிமையானது. காபுரேற்றரையும் புகைக்குழலையும் கழற்றி அவ்வழிகளை இறப்பர்த் துண்டுகளால் இறுக அடைத்தார். மக்னெற்றோவைக் கழற்றி எடுத்தார். பிளக் இருந்த துளையிற் குழாய் ஒன்றைப் பொருத்திச் சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்தார். பின்னர் சவர்க்கார நுரையைத் தூரிகையால் எங்கும் பூசினார். மக்னெற்றோ இருந்த பக்கத்தில், கிராங் தண்டைச் சுற்றி, நுரை கொப்புளித்துப் பொங்கியது. விலையுயர்ந்த கருவி ஒன்றேனும் பாவிக்கப்படவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாக ஓடாது நின்ற வண்டியிற் சீலின் இறப்பர் காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு பிஸ்ரன்கள் பழுதானதற்கும் முதற்காரணம் ஓர் இறப்பர் வளையமே.

அவ்வளையத்தை அணுகுவதற்கு எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. ஐந்து சனிக்கிழமைகள் அவ்வேலை நடந்தது. "பாத்துக்கொண்டிருக்கிறதெண்டால் ஒரு கை பிடியுங்கோ, சேர்" என்று அவர் என்னையும் வேலையில் இறக்கினார். அவரிடம் யான் கற்றவற்றுட் சிலவற்றைக் கூறுவேன்.

பிரிக்கும்போது ஒவ்வொரு திருகாணியும் எந்தத் துளையிலிருந்து வந்ததென்று அட்டையொன்றிற் படம் வரைந்து, அதே ஒழுங்கிற் குத்தி வைத்தல் வேண்டும். ஏனெனில் அவை நீளத்தில் வேறுபடும். நீண்டது குறுகிய துளையிற் சென்றால் உறை வெடிக்கும். கிராங் அறையின் இரு பாதிகளையும் நெம்பிப் பிரித்தல் ஆகாது. அலுமினிய உறையைச் சூடேற்றினால் அது விரிந்து பியரிங்கைத் தானே விடுவிக்கும். புதிய பியரிங்கை ஐஸ் பெட்டியிற் குளிரவைத்துச் சூடான உறையில் இட்டால், அடியாமலே வந்து அமரும். சிலிண்டரைக் கடையுமுன் பிஸ்ரன் கையில் இருத்தல் வேண்டும். பிஸ்ரனை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைய வேண்டுமேயன்றி, கடைந்தபின் பிஸ்ரன் தேடலாகாது. அவர் பேசிய அளவோ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பு அத்தகைய இரண்டு மூன்று பங்குக்கு வரும்.

கொனெக்ரிங் றொட்டின் கீழ்ப் பியரிங்கும் தேய்ந்திருந்தது. கிராங்கை அழுத்திப் பிரித்துப் புதியதை இட்டு, மீண்டும் அழுத்திச் சேர்த்தனர். பின்னர் லேத்தில் ஏற்றிச் சுழற்றி, இரு பக்கமும் ஒரே நேரில் ஓடும்வரை சிறுகச் சிறுகத் தட்டினர். அதற்கு மட்டும் ஒரு பகல் சென்றது. பழைய சீல் தேய்த்த இடத்திற் கிராங் தண்டிலே மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. புதிய சீலை அதே ஆழத்தில் இடாமல் மயிரிழை தள்ளி இட்டார். புதிய உதடு புதிய இடத்திற் படிய வேண்டும் என்றார். இதனை எந்த நூலிலிருந்து அறிந்தீர் என்று கேட்டேன். நாற்பது ஆண்டு வேலை செய்த முதியவர் ஒருவரிடம் கைவேலைக்கு நின்றபோது கண்டதாகச் சொன்னார்.

நான்காம் சனிக்கிழமை, கிராங் உறையின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய பொருத்துத் தாளைச் சுரண்டும் பணியை என்னிடம் தந்தார். யான் அவசரத்தில் திருகாணிக் கருவியின் முனையால் சுரண்டி, வழவழப்பான முகத்திற் கீறல் ஒன்றை இழுத்துவிட்டேன். காற்றுப் புகாதிருக்க வேண்டிய இடம் அது. அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"சேர், கவனம் காணாது," என்றார்.

அவர் முகத்தில் இருந்தது சிரிப்போ, வேறெதுவோ, யான் அறியேன். என் சிவப்பு மை எனக்கே திரும்பி வந்தது. அவர் மெல்லிய கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்த்து அக்கீறலை அகற்றிய அரைமணி நேரமும் யான் வாய் திறந்தேனல்லேன்.

ஐந்தாம் சனிக்கிழமை மாலை பான்ரம் மூன்றாம் உதைப்பிற் தொடங்கியது. கைபிடியை விட்டதும் எஞ்சின் பணிந்து இறங்கி, நிதானமாக ஒலித்தது. முதல் 500 மைலுக்கு விரைந்து ஓட்டலாகாது என்று கட்டளையிட்டு, தம் கூலியையும் குறையாது பெற்றுக்கொண்டார். அதுவே முறையுமாகும். அன்றுமுதல் இன்றுவரை பிஸ்ரன் பிடிக்கவில்லை.

இனி, இக்கதையை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் யாது எனின், கூறுவேன். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று துணிந்து, அதன் காரணத்தைத் தேடி, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பொருந்தும்படி செய்க என்று வள்ளுவர் வைத்தியனுக்கு நெறி வகுத்தார். இக்குறளை யான் 20 ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். பதவுரை, பொழிப்புரை, அணி, இலக்கணக் குறிப்பு யாவும் என் நாவில் உள்ளன. ஆயினும் என் கையிலிருந்த பொறி நோயுற்றபோது, காரணத்தைத் தேடாது, ஒருமுறைக்கு இருமுறை பிஸ்ரனை மாற்ற முனைந்தேன். அயலார் சொற்கேட்டு மாறான மருந்தையும் ஊட்டினேன். அக்குறளுக்குப் பொழிப்புரை எழுதத் தெரியாது புள்ளி இழந்த மாணவரோ, அதன் வழி ஒன்றையும் விடாது செய்து காட்டினார். எங்கள் இருவருள் அக்குறளைக் கற்றவர் யார்? இவ்வினாவே என்னை உறங்கவிடாது வருத்துகின்றது.

மொழிக் கல்வி வேண்டா என்பது என் கருத்தன்று. அவ்வாறு கூறின் யான் உண்ணும் சோற்றுக்குத் துரோகம் செய்தவனாவேன். அம்மாணவர் ளகர ழகரம் அறிந்திருப்பின் அவருக்கு நன்மையே. ஆனால் அவரிடம் இருந்த நுண்ணிய அவதானத்தை அளக்கும் கோல் என்னிடம் இருக்கவில்லை. கோல் இல்லாமையை உணராது, அவரிடம் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பெழுதினேன். இத்தவறு என் ஒருவனுடையது மட்டுமன்று என்பதே என் துணிபு.

நம் கல்லூரியின் முந்திய விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். வைத்தியர், எந்திரி, சட்டத்தரணி, கணக்காளர், நிருவாக சேவையாளர், வெளிநாட்டுப் பேராசிரியர் எனப் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவர் யாவரும் போற்றற்குரியரே. 1945இல் வந்த இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்கும் ஏணி அமைத்தது; அதில் ஏறியவரை நாம் கொண்டாடுதல் தகும். ஆயின் அம்மலர்களில் ஒரு மெக்கானிக்கின் பெயரேனும் இல்லை. தச்சர், மின்னிணைப்பாளர், லேத் வேலையாளர் பெயரும் இல்லை. இவர்கள் நம் வகுப்புகளில் இருந்தவரல்லரோ?

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை நடுவயது கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் சிறு போத்தலில் விற்ற காலம் அது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் ஊட்டித் தொடக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். உதிரிப் பாகம் வாராத அந்நாளில் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்ற கார்களையும், தோட்டத்துக்கு நீர் இறைத்த பம்புகளையும் ஓடவைத்த கைகள் எவருடையவை? அண்மையில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பல்லாண்டு காலம் நாட்டின் பழைய வண்டிகள் யாவும் அத்தகைய கைகளையே நம்பியிருந்தன. அக்கைகளுக்கு உரியவர்களை நாம் விழாவுக்கு அழைத்தோமா?

இதன் அடியில் பழைய பிழையொன்று கிடக்கின்றது. வெளிப்படக் கூறுவதற்குப் பலர் தயங்குவர். கைவினையைக் குலத்தோடு பிணைத்து, கையில் மசகு படிவது தாழ்வு என்று எண்ணிய சமூகம் நம்முடையது. குலப்பேச்சைக் கைவிட்டோம் எனப் பெருமைப்படுகின்றோம். ஆயின் அவ்வெண்ணம் பரீட்சைப் பெறுபேறு என்ற புதிய ஆடை உடுத்து நம்மிடையே உலவுகின்றது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குட் கொண்டுவந்தது, அவை நிலைபெறவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டது; நன்முயற்சியே. எனினும், "கணிதமும் விஞ்ஞானமும் கிடையாதவர் போகும் இடம்" என்று அதனைக் குறிப்பிடும் பெற்றோரை யான் பலமுறை கண்டுள்ளேன். பாடத்திட்டத்தை மாற்றுவது எளிது. மதிப்பை மாற்றுவதே அரிது.

எஞ்சினே மறைந்து மின்சார வண்டி வருங்காலத்தில் பழைய பிஸ்ரனைப் பற்றிப் படித்து ஆவதென்ன என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. பழைய வண்டி திருத்துவதை எல்லோருக்கும் யான் விதிக்கவில்லை. அதற்கு யான் செலவிட்ட பணத்துக்கும் பொழுதுக்கும் வண்டியின் பயன் ஈடாகாது என்பதையும் ஒப்புகின்றேன். மாணவன் கற்க வேண்டியது பிஸ்ரனை அன்று. காரணம் தேடும் பழக்கத்தை. அறிகுறியைக் கண்டு நிற்றல், வினவுதல், ஊகித்தல், சிறு செலவிற் சோதித்தல், தவறெனின் ஊகத்தைக் கைவிடுதல் ஆகிய இவை வைத்தியனுக்கும் வேண்டும், நீதிபதிக்கும் வேண்டும், தேர்ச்சி அறிக்கை எழுதும் ஆசிரியனுக்கு மிகவும் வேண்டும். கரும்பலகையில் இப்பழக்கத்தைப் பேசலாம். பொறியின் முன்னரோ பேச்சுச் செல்லாது. காரணம் தவறெனின் எஞ்சின் ஓடாது. ஜேர்மானியர் வண்டியைத் திறந்து பார்த்த யப்பானியர் எங்கு சென்றனர் என்பதை முன்னரே கூறினேன். திறந்து பார்க்க அஞ்சும் சமூகம் என்றும் வாங்கும் சமூகமாகவே இருக்கும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இவ்விழாவின் நினைவாகக் கல்லூரி முகப்பிற் தோரண வாயில் ஒன்று எழுப்பப்படும் எனக் கேள்வியுற்றேன். வாயில் வேண்டாம் என்று கூறேன். அதன் அலங்காரத்தைச் சற்றே குறைத்து, விளையாட்டு மைதானத்தின் ஓரத்திற் பூட்டிக் கிடக்கும் பழைய மரவேலை அறையைத் திறந்து செப்பனிடுக. ஒரு வேலை மேசை, ஒரு வைஸ், அளவு கருவிகள், கழித்த எஞ்சின்கள் நாலைந்து, பழுதான நீர்ப் பம்புகள் சில போதும். சனிக்கிழமைகளில், நம் கல்லூரியிற் படித்துக் கைத்தொழில் செய்வோரை ஊதியம் கொடுத்து அழைத்து, விரும்பும் மாணவர்க்குக் கற்பிக்கச் செய்க. விஞ்ஞானம் படிக்கும் மாணவரும் செல்க. தமிழ் படிப்பவரும் செல்க. அடுத்த மலரின் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கும் இடம் தருக.

இவ்வெண்ணத்தை அம்மாணவரிடம் கூறி, பரிசளிப்பு விழாவுக்கு வருமாறு அழைத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார்.

"வந்தால் எங்கை இருக்கச் சொல்லுவியள், சேர்?" என்று கேட்டார்.

விடை கூற எனக்கு அதிகாரம் இல்லை. அதனை இச்சங்கத்தாரிடமே ஒப்படைக்கின்றேன். தம் பெயரை எழுத வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டமையால் எழுதவில்லை. அவருடைய மகன் இவ்வாண்டு நம் கல்லூரியில் 6ஆம் தரத்தில் என் வகுப்பிற் சேர்ந்திருக்கின்றான். தந்தையைப் போலவே ளகர ழகரத்தை மயக்குகின்றான். தவணை முடிவில் அவன் தேர்ச்சி அறிக்கையை நிரப்ப யான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழையைக் குறித்தேன். திருத்தும் வழியையும் எழுதினேன். அவனைப் பற்றிய முடிவுரைக்கு விட்ட இடத்தை வெறுமையாக விட்டேன். காரணம் அறியாது அவ்விடத்தை நிரப்புதல் இனி என்னால் ஆகாது.

கல்லூரி வாழ்க, அதன் வாயிலால் நுழைந்தோர் யாவரும், மையாற் கறைபட்ட கையினரும் மசகாற் கறைபட்ட கையினரும், ஒருங்கே வாழ்க.